கவுன்டாக்கும் எம்எக்ஸ்-5ம்: ஒப்பிடுவது எப்படி?

1974-இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி கவுன்டாக் எல்பி400 காரையும் இன்றைய 2 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்பார்கள். 375-க்கு 184. சரி, அதை ஓரமாக வையுங்கள்.

நான் முதலில் குனிந்து டயரைப் பார்ப்பேன். இரண்டிலும் முன் டயர் அகலம் 205 மி.மீ. தான்! பக்கச்சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழைய காரில் பத்து வயது தாண்டிய டயர் என்றால் அன்றைக்கு ஒப்பீடே வேண்டாம். இறுகிப்போன ரப்பரைத்தான் சோதிப்பீர்கள், காரை அல்ல.

கவுன்டாக்கை முதலில் ஓட்டுங்கள். மாஸ்டாவில் பழகிய கால், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை நம்பி மிதிக்கும். கவுன்டாக்கில் அது கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஆயில் நன்றாகச் சூடாகும் வரை இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டாதீர்கள். ரிவர்ஸ் எடுக்க வேண்டுமா? கதவை மேலே தூக்கிவிட்டு வாசல் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் பார்ப்பதுதான் வழி. கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் அதே சாலையில் மாஸ்டா. இரண்டாம் கியரில் 7,500 சுற்று வரை முடுக்கினாலும் ஏறக்குறைய 100 கி.மீ. வேகம்தான். கவுன்டாக் அதே கியரில் 100-ஐ எளிதாகத் தாண்டிவிடும். எதில் எத்தனை முறை இன்ஜினின் உச்ச சுற்றைத் தொட முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் முக்கியமான எண்.

சத்தத்துக்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம். கவுன்டாக்கின் 12 சிலிண்டரோடு அதில் போட்டியே இல்லை.