கரண்ட் போவதற்குள் சுருக்கி முடித்த கதை

2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட் ஷெடிங் (முறை வைத்து கரண்டை நிறுத்துவது) எப்படி இருந்தது என்று அங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு தடவை போனால் இரண்டு இரண்டரை மணி நேரம் இருட்டுதான். பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்த டிஃப் படங்கள் சுமார் 200 ஜிபி என்னிடம் இருந்தன. ஃபைலைச் சுருக்கும் ஜிஸிப் (gzip) நிரலில் போட்டால் மூன்று மணி நேரம் ஆகும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏது? இரண்டு முறை கரண்ட் பாதியில் போய், அரைகுறை ஃபைல்தான் மிச்சம்.

கம்ப்யூட்டரின் வேலைப்பளுவைக் காட்டும் எச்டாப் (htop) திறந்து பார்த்தேன். பிராசஸரின் நாலு கோரில் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது, மற்ற மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அட, இதுதானா!

மார்க் ஆட்லர் எழுதிய பிக்ஸீ (pigz) என்ற நிரலை நிறுவினேன். ஃபைலை 128 கேபி துண்டுகளாக வெட்டி எல்லா கோருக்கும் பிரித்துக் கொடுக்கும், வெளியே வருவது அதே ஜிஸிப் ஃபைல்தான். பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கட்டளைக்கு மைனஸ் பெரிய ஐ (-I) போட்டுப் பக்கத்தில் பிக்ஸீ பெயரைக் கொடுத்தால் போதும். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, அதற்குள் லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் அம்மாவே எட்டிப் பார்த்தார். சூடு அதிகமென்றால் பிக்ஸீக்கு மைனஸ் சின்ன பி (-p) போட்டு, வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

ஒன்று, தனி ஃபைலைச் சுருக்கினால் பிக்ஸீ மூல ஃபைலை அழித்துவிடும், அது இருக்க வேண்டுமென்றால் மைனஸ் கே (-k) மறக்காதீர்கள் (நான் மறந்தேன்). அப்புறம், விரிக்கும்போது இந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம், அந்த வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும்.