தேக்கில் உளி மழுங்கினால்

நாற்பது வயதுக்கு மேல்தான் ரங்கூனில் மரச்செதுக்கு வேலையில் இறங்கினேன். தேக்குக்கு இங்கே பஞ்சமா? பழைய கதவுச் சட்டமே போதும். ஆனால் தாமரை இதழின் வளைவில் நார் பிய்ந்துகொண்டே வந்தது. தேக்கில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், உண்டு. உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சீக்கிரம் மழுங்காமல் இருக்க, சாணைக்கல்லில் கூரின் கோணத்தை 25 டிகிரியிலிருந்து 30-க்கு ஏற்றினேன். அப்புறம் பலகையில் ஒட்டிய தோல்பட்டையில் பாலிஷ் பசை தடவி, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுத்தேன். முன்னே தள்ளினால் தோல் கிழியும். செதுக்கும்போது அடிக்கடி இதைச் செய்ய வேண்டும்; சலிப்புதான், சரி. மேடான வளைவில் உச்சியிலிருந்து இரு பக்கமும் கீழ்நோக்கியே செதுக்குகிறேன். இப்போது சீவல் சுருண்டு விழுகிறது, வெட்டிய இடம் மினுங்குகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை. உளித்தடம் தெரிந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.