செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் முன் ரீகாலையும் ஓனர்களின் புகாரையும் பார்ப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்தான். அவர் பானட்டைத் திறப்பார், ஆயில் மூடியைத் திருகிப் புகை அடிக்கிறதா என்று பார்ப்பார், கதவு ஓரத்தைத் தடவி டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று சொல்வார், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து "வண்டி ஓகே சார்" என்பார். ஆனால் ஸ்டீயரிங்குக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏர்பேக்கின் ரசாயனம் கெட்டுப்போய்விட்டதா, பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் குறையோடு வந்த பேட்சா என்பதையெல்லாம் அவரால் கண்டுபிடிக்க முடியாது, எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி. அது சேஸி நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, வைத்துத் தேடினால்தான் தெரியும். செலவு எதுவும் கிடையாது, அரை மணி நேர வேலை. டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரீகால் என்றால் என்ன என்று இரண்டு வரியில்: ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரித்த வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பது தெரியவந்தால், கம்பெனியே அவற்றைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுக்கும். நீங்கள் இரண்டாவது ஓனரா நான்காவது ஓனரா என்பது அங்கே கணக்கில்லை, ஏனென்றால் ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கம்பெனி அனுப்பும் கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் முதல் ஓனரின் முகவரிக்கும் நம்பருக்கும் போகின்றன. அவர் வண்டியை விற்று வருடக்கணக்காகியிருக்கும், படித்துவிட்டு அழித்திருப்பார்.

1. முதலில் சேஸி நம்பரை வாங்குங்கள்

விற்பவரிடம் ஆர்சியின் போட்டோ கேளுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஓனர் வரிசை, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும், ஆனால் அடுத்தவர் வண்டி என்பதால் சேஸி நம்பரை முழுதாகக் காட்டாது. அதனால் ஆர்சிதான் வழி. புரோக்கர் "அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தர்றேன்" என்று இழுத்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

சேஸி நம்பரில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். பல மாருதி வண்டிகளில் அது எம்ஏ3 என்று தொடங்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வரவே வராது, ஆகவே உங்கள் கண்ணுக்கு ஓ மாதிரி தெரிவது பூஜ்யம், ஐ மாதிரி தெரிவது ஒன்று. இதைத் தப்பாக டைப் செய்துவிட்டு "பதிவில் இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள் நிறைய. நேரில் போகும்போது வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஆர்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரிலோ முன்சீட்டுக்குக் கீழேயோ இருக்கும், மாடலுக்கு மாடல் இடம் மாறும்.

ஆர்சியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த தேதி வேறு. ரீகால் அறிவிப்புகள் தயாரித்த தேதியைத்தான் சொல்லும்.

2. கம்பெனியின் தளத்தில் தேடுங்கள்

மாருதி, ஹோண்டா போன்ற கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் இதற்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. சேஸி நம்பரைப் போட்டால் வண்டி ரீகாலில் வருகிறதா என்று சொல்லிவிடும். அது தவிர, இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012-இல் கொண்டுவந்த தன்னார்வ ரீகால் விதிமுறைப்படி கம்பெனிகள் அறிவித்த ரீகால்களின் பட்டியலும் அந்தச் சங்கத்தின் தளத்தில் இருக்கிறது. மாடல் பெயரை வைத்து மேலோட்டமாகப் பார்க்க அது போதும்.

எந்த மாதிரி விஷயங்கள் வந்திருக்கின்றன என்று தெரிந்தால் தேடுவது சுலபம், அதனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இப்போது அதிகம் சுற்றும் சில வண்டிகளைச் சொல்கிறேன்.

2020 ஜூலையில் மாருதி 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் பம்ப் பிரச்சினை. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரித்த 1 லிட்டர் வேகன்ஆர், 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரித்த பெட்ரோல் பலேனோ. அடுத்த வருடம் செப்டம்பரில் இன்னும் பெரிதாக, 1,81,754 பெட்ரோல் வண்டிகள்: சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6. அங்கே குறை எஞ்சினுக்குத் துணையாக இருக்கும் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின் பாகத்தில். பாகத்தை மாற்றும் வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. டிசம்பர் மாதத்து வேளச்சேரியில் இருப்பவருக்கு இந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ 87,599 வண்டிகள், குறை ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் என்ற கம்பியில். இது உடைந்தால் ஸ்டீயரிங் கட்டுப்பாடே பாதிக்கப்படும்.

ஹோண்டாவில் 2024 அக்டோபரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய மாடல்களில் 90,468 வண்டிகளுக்கு ஃப்யூயல் பம்ப் ரீகால். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் குறை, நாளாக ஆக எஞ்சின் ஓட்டத்தில் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். அதோடு இன்னொரு 2,204 வண்டிகளையும் சேர்த்தார்கள். அவை அந்தப் பம்ப் முன்பே ஸ்பேர் பார்ட்டாக மாற்றப்பட்ட வண்டிகள். அதாவது ஆலையிலிருந்து வரும்போது வண்டியில் ஒன்றுமில்லை, பிற்பாடு பம்பை மாற்றியதில் குறை உள்ளே வந்தது. தயாரிப்புத் தேதியை மட்டும் பார்த்து "என் வண்டி இதில் இல்லை" என்று முடிவு கட்டியிருந்தால் தவறிப் போயிருக்கும். அதனால்தான் செய்தியில் வரும் தேதியோடு நிறுத்தாமல் சேஸி நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

3. பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியா? ஏர்பேக்கைத் தனியாகப் பாருங்கள்

டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதும் பாகம்) உலகம் முழுவதும் திரும்ப அழைக்கப்பட்ட கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பையை ஊதுவதற்கு அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் பட்டுப்பட்டு அது கெட்டுப்போகிறது, அப்புறம் விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து உலோக உறையையே சிதறடிக்கிறது, அந்தத் துண்டுகள் ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலில் வந்தன, ஈரப்பதம் அதிகமான ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற இடங்களுக்கு அங்கே முன்னுரிமை கொடுத்தார்கள். மலேசியாவிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. 2017-இல் டகாட்டா திவாலானது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று நம் கடலோரம் முழுக்க இந்த ரசாயனம் கெடுவதற்கு ஏற்ற தட்பவெப்பம்தான். இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் 1,90,578 வண்டிகளையும், 2017 ஜனவரியில் 41,580 வண்டிகளையும், 2018 ஜனவரியில் 22,834 வண்டிகளையும் இதற்காக அழைத்தது. பழைய சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு பார்க்கிறீர்கள் என்றால், ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் மாற்றியாயிற்று என்பதற்கு ஆதாரம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றைத்தான். மற்ற ரீகால்களை வாங்கியபின் செய்துகொள்ளலாம்.

4. வேலை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்

ரீகாலில் வண்டி இருக்கிறது என்பது பாதித் தகவல்தான். பாகத்தை மாற்றினார்களா என்பது மீதி. அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் சேஸி நம்பரைக் கொடுத்தால் பழைய ஜாப் கார்டுகளும் (செய்த வேலையின் பதிவு), பாக்கி இருக்கும் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெயினும் (கம்பெனி தானாகச் செய்து தரும் வேலை) கணினியில் தெரியும். வெளியாளுக்குச் சொல்லத் தயங்கினால் விற்பவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது அவர் போன் நம்பரிலிருந்தே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "எல்லாம் பண்ணியாச்சு" என்பதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாரண்டி முடிந்ததும் வெளி மெக்கானிக்கிடம் போன வண்டி என்றால் ரீகால் வேலை பாக்கி இருக்கவே வாய்ப்பு அதிகம். வெளி மெக்கானிக் மோசம் என்று அர்த்தமில்லை, பல நேரம் அவர்தான் ஒழுங்காகச் செய்வார், ஆனால் ரீகால் பாகம் அவரிடம் வராதே.

பாக்கி இருந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விற்பவரையே வேலையை முடித்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதைக் காட்டிக் கொஞ்சம் விலையைக் குறையுங்கள். ரீகால் வந்த கார் மட்டமான கார் என்று ஒரு பேச்சு இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. குறையை ஒப்புக்கொண்டு கம்பெனி செலவில் புதுப் பாகம் போட்ட வண்டிதானே அது?

5. ரீகாலே வராத குறைகளுக்குப் புகார்களைப் படியுங்கள்

உண்மையில் பர்ஸைக் கடிப்பது இவைதான். ஆயிரம் பேர் புலம்பியும் ரீகால் வராமலே போன குறைகள் உண்டு. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் வண்டிகளில் கிளம்பும்போது உதறுகிறது, இழுவை விட்டுப்போகிறது என்று புகார்கள் குவிந்தன. ஃபோர்டு அங்கே கிளட்ச் வாரண்டியை 7 வருடம், 1 லட்சம் மைல் என்று நீட்டியது, வழக்கும் சமரசமும் நடந்தன, ஆனால் அந்த உதறலுக்காகக் கியர்பாக்ஸை ரீகால் செய்யவில்லை. சென்னையில் தயாராகி 2013-இல் வந்த ஈகோஸ்போர்ட்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்ததும் பவர்ஷிஃப்ட்தான். எல்லா வண்டியிலும் பிரச்சினை வந்தது என்று நான் சொல்லவில்லை. டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும் இல்லையா? டிராஃபிக்கில் மெதுவாக ஊர்ந்து பாருங்கள், மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

தேடும்போது வெறும் மாடல் பெயரைப் போடாமல் வருடம், பெட்ரோலா டீசலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று சேர்த்துத் தேடுங்கள். டீம்-பிஎச்பி என்ற கார் இணைய மன்றத்தில் ஓனர்கள் வருடக்கணக்காக எழுதும் நீண்ட பதிவுகளும் பேஸ்புக்கில் அந்தந்த மாடலின் ஓனர் குழுக்களும் நல்ல இடங்கள். படிக்கும்போது ஆளின் கோபத்தைப் பார்க்காமல் பாகத்தின் பெயரைப் பாருங்கள். கோயம்புத்தூரில் ஒருவர், புனேயில் ஒருவர், கொச்சியில் ஒருவர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், மூவருக்கும் ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில் ஒரே பாகம் போயிருந்தால் அது வண்டியின் குறை. டீலர் மரியாதையாகப் பேசவில்லை, மைலேஜ் சொன்னபடி வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாத கதை. இன்னொன்று, அதிகம் விற்ற வண்டிக்குப் புகாரும் அதிகம் இருக்கும், அதனால் எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் யாருமே வாங்காத வண்டிதான் உங்களுக்கு நல்ல வண்டியாகத் தெரியும்.

கிடைத்ததைக் குறித்துக்கொண்டு, அந்தப் பாகத்தை மாற்ற என்ன செலவாகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்தத் தொகையை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஜப்பானிலிருந்து நேராக வந்த வண்டிகள் அதிகம், அவற்றின் சேஸி நம்பர் 17 இலக்கம் இல்லை, மாடல் குறியீடு, ஒரு கோடு, அப்புறம் எண் என்று இருக்கும். அதை ஜப்பான் ஹோண்டா, டொயோட்டா தளங்களின் ரீகால் பக்கத்தில் போட்டுத் தேடலாம். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், பிரவுசரின் மொழிபெயர்ப்பு போதும். ஹோண்டாவின் ஃபிட் ஹைபிரிட் 2013-இல் வந்து ஏறக்குறைய ஒரே வருடத்தில் ஐந்து முறை ரீகால் ஆனது. அதே ஹைபிரிட் முறைதான் ஹோண்டாவின் வெசலிலும், ஆகவே இவை இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

6. வாங்கிய பிறகு

ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியதும் சர்வீஸ் சென்டருக்குப் போய் கம்பெனிப் பதிவிலும் உங்கள் பெயர், போன் நம்பர், முகவரியை மாற்றச் சொல்லுங்கள். ஆர்டிஓவில் மாற்றினால் இது தானாக மாறாது. அடுத்த ரீகால் வந்தால் எஸ்எம்எஸ் உங்களுக்கு வர வேண்டும், பழைய ஓனருக்கு அல்ல.

உங்கள் வண்டியிலேயே பாதுகாப்புக் குறை தெரிந்தால் பேஸ்புக்கில் எழுதுவதோடு நிறுத்தாமல் பரிவாகன் தளத்தின் வாகன ரீகால் பகுதியில் புகார் பதியுங்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி, போதுமான ஓனர்கள் ஒரே குறையைப் புகார் செய்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன, கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இது, அதனால் ஆறாவது வருடத்தில் வண்டி வாங்கியவர் தள்ளிப்போட வேண்டாம். ரீகால் வேலைக்கு சர்வீஸ் சென்டர் பணம் கேட்டாலோ "பார்ட் இல்லை" என்று மாதக்கணக்கில் அலைக்கழித்தாலோ ஜாப் கார்டில் அதை எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.