எந்த மழைக்காட்டுக்குப் போவது?

அண்ணன் மகள் போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அத்தை, மலேசியாவில் தமன் நெகாரா 13 கோடி ஆண்டுப் பழைய காடாமே, அதற்கே போய்விடலாமா?" நான் முப்பது ஆண்டு தாவரவியல் நடத்தியவள். நகைக்கடையில் காரட் பார்ப்பதுபோலக் காட்டுக்கு வயது பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தக் கணக்கு, அங்கே காடு எத்தனை காலமாகக் காடாகவே தொடர்ந்து வருகிறது என்பதைப் பற்றியது. நீங்கள் அண்ணாந்து பார்க்கும் மரத்துக்குச் சில நூறு வயதுதான் இருக்கும். கோடிக்கணக்கை விட்டுவிட்டு, உங்களுக்கு விடுமுறை எந்த மாதம், கூட வருபவர்களின் முழங்கால் எப்படி என்று முதலில் பாருங்கள்.

நான் போய்வந்த மூன்றை மட்டும் சொல்கிறேன். அரையாண்டு விடுமுறை என்றால் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. டிசம்பரில் தமன் நெகாரா பக்கம் போகவேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி ஓடும் காலம் அது. ஜனவரி முதல் மார்ச் வரை இலங்கையின் சிங்கராஜா. மே மாதம்தான் விடுமுறை என்றால் தமன் நெகாரா. அந்த மாதத்தில் சிங்கராஜாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு அமைதிப் பள்ளத்தாக்கு நல்லது. கோவையிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் வாகனப் பயணம். சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்கள். முன்பதிவு அவசியம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இல்லாமல் போய், முக்காலியில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். சைரந்திரி என்பது திரௌபதி மாறுவேடத்தில் கொண்ட பெயர். கீழே ஓடும் ஆறு குந்திப்புழை. அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் பெரிய போராட்டத்துக்குப் பின் கைவிடப்பட்டு, 1984இல் இது தேசியப் பூங்காவானது. வெடிப்பலா மரங்கள் நிற்கும் இடத்தில் வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சிங்கவால் குரங்கு அதைத் தேடித்தான் வரும்.

பறவைப் பித்து இருந்தால் மறுபேச்சே இல்லை, சிங்கராஜாதான். இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவ வாயிலுக்குப் போங்கள். அங்கே உள்ள அகலமான பாதை 1970களில் மரம் வெட்டி இழுத்துவரப் போட்டது. கன்னிக்காடு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ, வெட்டிய இடத்தில் காடு மறுபடி எழுந்து நிற்பதைப் பார்ப்பதே பெரிய பாடமாக இருந்தது. யுனெஸ்கோ 1988இல் இதை உலக மரபுச் சின்னமாக்கியது. அரை மணி நேரம் ஒரு குருவியின் குரல்கூடக் கேட்காது. திடீரென்று ஆரஞ்சு அலகுள்ள தவிட்டுக்குருவிகள் கீச்சிட, கூடவே கொண்டைக் கரிச்சான் கத்த, பின்னால் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக ஊர்வலம்போல் வந்து கடந்துவிடும். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் கைப்பேசியில் படமெடுக்க முயன்றவர் என் கணவர். அவருக்கு நீல வாலின் நுனி மட்டும் கிடைத்தது.

தமன் நெகாரா பெரியது, 4,343 சதுர கிலோமீட்டர். ஜெராண்டுட் ஊர் வழியாக, பூங்காவின் வாயிலான குவாலா தஹான் போகவேண்டும். சாலையிலும் போகலாம், குவாலா தெம்பலிங்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரம் படகில் போவதே சுகம். பிள்ளைகளுக்குப் பிடிப்பது மரங்களின் தலைமட்டத்தில் கட்டிய தொங்குபாலம். பழுதுபார்ப்பதற்காக அதை மூடிவைப்பதும் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். புலியும், குட்டித் தும்பிக்கைபோல் மூக்குள்ள தபீரும் அங்கே உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். மழைக்காட்டில் இருபதடிக்கு அப்பால் இலைதான் தெரியும். விலங்கு பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் முதுமலைக்குப் போகலாம்.

மூன்று இடத்திலும் ரத்தம் குடிக்கும் அட்டை உண்டு. அதில் பேரமே கிடையாது. முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள துணி உறையைக் காலுறைக்கு மேல் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், பயப்பட வேண்டாம். வெள்ளைக் கால்சட்டை மட்டும் வேண்டாம். அதைச் சிங்கராஜாவில் போட்டுக்கொண்டு போனவள் நான்.

அண்ணன் மகளுக்கு இரண்டு பிள்ளைகள், மே மாத விடுமுறை. குவாலா தஹானுக்குத்தான் போகப்போகிறாள். அட்டை உறை இரண்டு ஜோடி என்னிடம் இரவல் கேட்டிருக்கிறாள். ஒன்றில் ஓட்டை இருக்கிறது, தைத்துக் கொடுக்கவேண்டும்.