மகாகனி நிறத்தைக் கையாளும் முறை: கேரம் பலகையிலிருந்து தொடங்குவோம்

வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு கேரம் மன்றத்துக்குள் நுழைந்தால், ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன் பலகையைச் சற்று உற்றுப் பாருங்கள். நடுவில் வெளிர்மஞ்சளான ஆடுதளமும் அதைச் சுற்றிச் செம்மை கலந்த கரும்பழுப்புச் சட்டமும் இருக்கும். வடிவமைப்பில் மகாகனி என்று சொல்லப்படுவது ஏறத்தாழ அந்தச் சட்டத்தின் நிறமே. மன்றத்தின் போட்டிக்கு ஒரு சுவரொட்டி தயாரிப்பதாக வைத்துக்கொண்டு, இந்த நிறத்தைப் படிப்படியாகப் பயன்படுத்திப் பார்ப்போம்.

முதல் படி, நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. மகாகனி நடு அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் சேர்ந்த மரம். புதிதாக அறுக்கும்போது இளஞ்சிவப்பாக இருக்கும் பலகை, வெளிச்சம் படப்படக் கருத்துச் சிவக்கும். ஆகவே அதற்கு ஒரே எண் கிடையாது. நிறப் பட்டியல்களில் மகாகனி என்ற பெயரில் பரவலாகக் காணப்படும் சிவப்பு 192, பச்சை 64, நீலம் 0 (ஒவ்வொரு ஒளியின் அளவும் 0 முதல் 255 வரை) என்ற கலவை, திரையில் செங்கல் நிறமாகவே தெரியும். சட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, பாலிஷின் பளபளப்பு விழாத ஐந்தாறு இடங்களில் நிறத்தைத் தொட்டெடுத்து, அவற்றுக்கு நடுவான ஒன்றைக் கொள்ளுங்கள். என் தேர்வு சிவப்பு 74, பச்சை 28, நீலம் 20.

இரண்டாம் படிதான் மிக முக்கியமானது. பழுப்பு என்பது உண்மையில் ஒளி குறைந்த ஆரஞ்சு. அருகில் அதைவிட வெளிச்சமான பரப்பு இருக்கும்போதுதான் கண் அதைப் பழுப்பாக உணர்கிறது. சட்டத்துக்கு அந்த ஆழத்தைத் தருவது பக்கத்தில் உள்ள வெளிறிய ஆடுதளம். ஆடுதளம் 74 செ.மீ. சதுரமாகவும் சட்டம் 7.6 செ.மீ. அகலமாகவும் இருந்தால், மொத்தப் பரப்பில் சட்டத்தின் பங்கு ஏறத்தாழ 31 சதவீதம். சுவரொட்டியிலும் இதே அளவைப் பின்பற்றுங்கள்: மகாகனி ஓரங்களிலும் தலைப்புப் பட்டையிலும் நிற்கட்டும், நடுப்பகுதி சிவப்பு 245, பச்சை 235, நீலம் 220 என்ற சந்தன வெளிர் நிறமாக இருக்கட்டும். தாள் முழுவதும் மகாகனியைப் பூசினால் அது வெறும் இருட்டாகிவிடும் என்பதே என் உறுதியான கருத்து. மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டுமென்றால், பலகையிலேயே இருக்கும் சிவப்புக் காயின் நிறத்தைப் போட்டித் தேதிக்கு மட்டும், அதுவும் வெளிர்ப் பரப்பின் மேல், பயன்படுத்துங்கள்.

அடுத்தது எழுத்து. நான் முதன்முதலில் செய்த சுவரொட்டியில் மகாகனிப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்தை வைத்தேன். திரையில் கம்பீரமாகத் தெரிந்த அது, தெருவில் ஒட்டியபின் எதிர்ச் சாரியிலிருந்து ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போனது, பலர் பதிவு செய்யும் நாளைத் தவறவிட்டனர். காரணம் எளிது. இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு தேவை. மேற்சொன்ன மகாகனியின் மேல் கறுப்புக்குக் கிடைப்பது சுமார் 1.5, சந்தன நிறத்துக்குக் கிடைப்பதோ சுமார் 12. ‘ணை’, ‘ஞ’, ‘ழு’ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள் கருநிறப் பின்னணியில் அடைபட்டுவிடும் என்பதால், அங்கே சற்றுத் தடித்த எழுத்துருவையும் கூடுதல் வரி இடைவெளியையும் கொடுங்கள்.

கடைசியாக அச்சு. அச்சு மையில் இந்த நிறத்தை முக்கியமாக மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), மஞ்சள், கருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்க வேண்டும். சயான் (பச்சை கலந்த நீலம்) கூடினால் செம்மை செத்து, நிறம் சேற்றைப் போலாகிவிடும். சயான் 25, மெஜந்தா 80, மஞ்சள் 80, கருப்பு 65 சதவீதம் என்று தொடங்கலாம். பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கலாக்கும். கருமை கூடுவதாகத் தெரிந்தால் கருப்பை மட்டும் ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். முழு எண்ணிக்கையையும் அச்சடிக்குமுன் ஒரு படியை மட்டும் எடுத்து, மன்றத்துச் சுவரில் ஒட்டி, விளக்கு ஏற்றிய பிறகு எதிர்ச் சாரியில் நின்று படித்துப் பாருங்கள். தேதியும் இடமும் தடையின்றிப் படிக்க முடிந்தால் மீதியை அச்சுக்கு அனுப்பலாம்.