டியூன் செய்த காருக்கு வைட்பேண்ட் சென்சார்: எதைப் பார்த்து வாங்குவது?

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் என் பட்டறைக்கு வருகிற தம்பிகள் முதலில் காட்டுவது டேஷ்போர்டில் மாட்டப்போகும் மீட்டரின் போட்டோவைத்தான். மீட்டர் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கூட என்ன சென்சார் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வைட்பேண்ட் என்பது புகையில் இருக்கும் ஆக்சிஜனை வைத்து, காற்று-பெட்ரோல் கலவை எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லும் சென்சார்.

சாதாரண நேரோபேண்ட் சென்சார், கலவை லேம்டா 1-க்கு (சரியான கலவைக்கான எண்; கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் காற்று அதிகம்) மேலா கீழா என்பதை மட்டும் 0.45 வோல்ட்டைத் தாண்டித் தாண்டிச் சொல்லும். டர்போ பூஸ்ட்டை ஏற்றிவிட்டு முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது 0.80-ஆ, 0.95-ஆ என்று அதைக் கேட்டுப் பயனில்லை. பிஸ்டன் பிழைப்பதும் போவதும் அந்த இடைவெளியில்தான்.

வைட்பேண்ட்டில் போஷ் எல்எஸ்யு 4.9 எடுங்கள். பழைய 4.2 வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளப்பது. அந்தக் காற்று கெட்டால் ரீடிங் நகரும். 4.9-க்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் கனெக்டருக்குள் அந்த ஒரு சென்சாருக்கென்றே சரிசெய்த ரெசிஸ்டர் இருக்கிறது. வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டிவிடாதீர்கள். நீள வயர் செட் வாங்குங்கள்.

சென்சாரை இயக்கி ரீடிங்கை அனுப்பும் கண்ட்ரோலரில், உங்கள் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேன் என்ற டிஜிட்டல் சிக்னலை எடுக்குமென்றால் ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் போல கேன் உள்ளதே நல்லது. 0–5 வோல்ட் வயர் என்றால் எர்த்தில் கவனம் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் மீட்டரில் 0.82, ஈசியு பதிவு செய்யும் லாகில் 0.86 என்று வரும். எதை நம்பி டியூன் செய்வீர்கள்? இன்னோவேட் எல்சி-2 என்றால் சென்சாரை வெளிக்காற்றில் வைத்து காலிபரேட் செய்யவும் வேண்டும்.

வெல்டிங்கில் அவசரம் வேண்டாம். எம்18 × 1.5 நட்டு, டர்போவுக்குப் பின்னால் இரண்டு மூன்று அடி தள்ளி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். சென்சார் பைப்பின் மேல் பக்கமாக, கடிகாரத்தில் 10-க்கும் 2-க்கும் நடுவே நிற்கட்டும். மார்கழிக் காலையில் ஓசூர் பக்கம் வண்டியை எடுத்தால் சைலன்சரில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான செராமிக்கில் அந்தத் தண்ணீர் பட்டால் விரிசல்தான். முன்னால் பைப் ஜாயிண்ட்டில் லீக் இருந்தால் பொய்யாக லீன் (காற்று அதிகம்) என்று காட்டும்.

மீட்டரை லேம்டாவில் வையுங்கள். 20% எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்குச் சரியான கலவை, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு காற்று; எத்தனால் கலக்காத பெட்ரோலின் 14.7-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு தப்பும்.

தொப்பூர் ஏற்றத்தில் லோடு நன்றாகக் கிடைக்கும் என்று லாக் எடுக்கப் போகாதீர்கள். லாரி விபத்துக்குப் பேர்போன ரோடு அது. வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில் எடுங்கள்.