மயக்கத்தில் இருக்கும் நாயின் மூச்சை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சுக்குழாயில் போட வேண்டிய ட்யூபை உணவுக்குழாயில் போடுவது, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள். கருவிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களைத்தான் சொல்ல வருகிறேன்.

99-ஐப் பார்த்து நிம்மதி அடைவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கருப்பையில் சீழ் வைத்த வயதான லாப்ரடார் ஒன்று. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு ஓடிக்கொண்டிருந்தது. நாக்கில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், திரையில் 99. “நல்லா இருக்கு சார்” என்றார் இளம் மருத்துவர். நான் மூச்சுப் பையைப் பார்த்தேன். நிமிடத்துக்கு நாலு மூச்சு. அதிலும் பை லேசாக அசைந்து நின்றுவிடுகிறது. விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராப் பக்கத்து மேஜையில் குழாய் சுருட்டியபடி சும்மா கிடந்தது. எடுத்து மாட்டினோம். கார்பன் டை ஆக்சைடு 82 மி.மீ. பாதரசம்!

ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்பதை மட்டுமே சாச்சுரேஷன், அதாவது திரையில் இருந்த அந்த 99, சொல்லும். நுரையீரல் காற்றை மாற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு ஆக்சிஜன் கொடுக்கும்போது, நீராவி போக, காற்றறைகளில் 713 மி.மீ. அழுத்தம் இருக்கும். மூச்சு பாதியாகக் குறைந்து கார்பன் டை ஆக்சைடு 80-க்கு ஏறினாலும் ஆக்சிஜனுக்கு 630-க்கு மேல் மிஞ்சும். ரத்தத்தில் 100 இருந்தாலே திரை 98-ஐத் தொட்டுவிடும். அதே நாய், அதே 80, ஆனால் வெளிக்காற்று என்றால் மிஞ்சுவது 50 தான். அறுவை முடிந்து ஆக்சிஜனை நிறுத்தி ட்யூபை உருவிய சில நிமிடங்களில் நாக்கு நீலம் பாய்வது இப்படித்தான். அதற்கு முன்பே ரத்தம் அமிலமாகி இதயத் துடிப்பு தாளம் தப்பலாம்.

அன்று மயக்க வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் வேப்பரைசரைக் குறைத்து, 20 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டாமல் பையை அழுத்தி மூச்சு கொடுத்தோம். எண் 45-க்கு இறங்கிய பிறகே அறுவை தொடர்ந்தது. 35 முதல் 45 வரை சரி. 60-ஐத் தாண்டினால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பையைக் கையில் எடுங்கள்.

சின்ன நாய்க்குப் பெரிய ஃபில்டர்

3 கிலோ பொமரேனியன் ஒரு மூச்சுக்கு இழுப்பது 30 முதல் 45 மில்லிதான். ஃபில்டரும் அடாப்டரும் வாய்க்கு வெளியே நீளும் ட்யூபும் சேர்ந்து 20 மில்லி பிடித்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். கேப்னோகிராப் கோடு பூஜ்யத்துக்கு இறங்காமல் மேலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். ட்யூபை முன்பற்கள் வரைக்கும் வெட்டிவிடுங்கள். எதிர்த் தொல்லையும் உண்டு: பெயின் (Bain) சர்க்யூட் என்ற மூச்சுக்குழாய் அமைப்பில் ஆக்சிஜன் வேகமாக ஓடும்போது, காற்றை உறிஞ்சி அளக்கும் கருவி கலப்படக் காற்றை எடுத்து 28 என்று காட்டும். அதை நம்பி மூச்சைக் குறைத்துவிடாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு திடீரென விழுந்தால்

முதலில் நாடியைப் பிடியுங்கள். ட்யூப் கழன்றதா என்பது அடுத்த கேள்வி.

நாக்கு க்ளிப்

பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் க்ளிப்பை அடிக்கடி இடம் மாற்றுங்கள், நாக்கை ஈரமாக வையுங்கள்.

கஃப்

ட்யூபைச் சுற்றிக் காற்று அடைக்கும் இந்தப் பை கசிந்தால், மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் எண் செல்லாது.

நாய் படுத்திருக்கும் நிலையை எழுதாமல் விடுவது

மல்லாக்கப் போட்டதும் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை அமுக்கும். நுரையீரல் விரிவது குறையும். பக்கவாட்டில் கிடந்தபோது எடுத்த எண்ணோடு இதை ஒப்பிட்டு, நுரையீரலில் ஏதோ கோளாறு என்று பதறுகிறார்கள். திருப்பிப் போட்டால் புதிதாக ஓர் அளவு எடுத்து, பக்கத்திலேயே படுத்திருக்கும் நிலையையும் குறித்துவையுங்கள்.